செயலாளர் வீட்டுத் தண்ணீர்

"திறந்துட்டியா?"

"திறந்துட்டேன்!"

"முழுசா?"

"இதுக்கு மேல திருகினா குழாய் கையோட வந்துடும்!"

மனைவியின் குரல் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. செயலாளர் மதில் சுவரோரம் குப்புறப் படுத்து, தண்ணீர் மீட்டர் இருக்கும் பள்ளத்துக்குள் தலையை விட்டிருந்தார். காலை ஆறரை மணிக்கு ஒரு கௌரவமான மனிதர் இருக்க வேண்டிய கோலம் அல்ல அது. ஆனால் விஷயம் மானப் பிரச்சினை.

பள்ளத்துக்குள் இரண்டு மீட்டர்கள். இடது பக்கம் இருப்பது செயலாளர் வீட்டுடையது. வலது பக்கம் இருப்பது பக்கத்து வீட்டுப் பல் டாக்டருடையது. இரண்டு வீட்டையும் கட்டியவர் ஒரே மேஸ்திரி. ஏழு வருஷத்துக்கு முன்னால் தெருவுக்கு மீட்டர் வந்தபோது, பள்ளம் தோண்டுகிற வேலையை மிச்சப்படுத்த ஒரே பள்ளத்தில் இரண்டையும் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார்.

செயலாளர் இடது மீட்டரையே உற்றுப் பார்த்தார். முள் தூங்கிக்கொண்டிருந்தது. வலது மீட்டரோ பம்பரமாய்ச் சுற்றியது.

"மூடு!" என்றார்.

வலது முள் நின்றது.

"திற!"

வலது முள் சுற்றியது.

"மறுபடி மூடு!"

"ஏங்க, நான் சமைக்கணுமா, இல்ல உங்களோட கண்ணாமூச்சி ஆடணுமா?"

வலது முள் நின்றது. அதே நேரம், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பல் டாக்டர் வாய் கொப்பளிக்கும் ஓசை கேட்டது. இடது மீட்டரின் முள் திடுக்கிட்டு விழித்து, விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது.

செயலாளர் தலையை வெளியே எடுத்தார். நெற்றியில் மண். கண்ணில் மின்னல்.

இந்த இடத்தில் செயலாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாற்பது வீடுகள் கொண்ட அந்தத் தெருவின் நலச் சங்கத்துக்கு அவர் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளர். அலுவலகத்தில் அவருக்கு வேறு ஏதோ வேலை இருந்தது. அது என்னவென்று அலுவலகத்துக்கே சரியாகத் தெரியாது. 'செயலாளர் என்ற முறையில்' என்று தொடங்காமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. முடிவெட்டும் கடையில்கூட, "செயலாளர் என்ற முறையில் சொல்றேன், காதோரம் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்" என்பார். மகளின் கல்லூரிக்கு அனுப்பும் விடுப்புக் கடிதம் சங்கத்தின் லெட்டர்பேடில்தான் போகும், முத்திரையோடு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அவர் ஒரு போட்டி அறிவித்தார். பதினைந்து நாள். தெருவில் மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழிக்கும் வீட்டுக்கு 'சிக்கனச் சிகரம்' கேடயம். கைதட்டு கிடைக்கும் என்று அவர் ஒரு நொடி நிறுத்திய இடைவெளியில்தான் பல் டாக்டர் எழுந்து, வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"நல்ல யோசனை சார்! ஆனா எங்க வீட்டைவிட உங்க வீட்டு மீட்டர்தான் மூணு மடங்கு ஓடுதுன்னு மீட்டர்காரர் சொன்னாரே?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள். செயலாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. மைக்கைப் பிடுங்கி, "என் வீடு முதலிடத்துக்கு வரலைன்னா, அன்னைக்கே, இதே இடத்துல, செயலாளர் பதவியை ராஜினாமா செய்வேன்!" என்று முழங்கினார்.

பதினோரு ஆண்டுகளில் அவர் கேட்டிராத கைதட்டல் எழுந்தது. அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஏனென்றால் பல் டாக்டர் சொன்னது உண்மை. செயலாளர் வீட்டில் ஆளுக்கு ஆறு குவளைத் தண்ணீரில்தான் குளியல். வாளியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். பல் தேய்க்க ஒரு டம்ளர். அரிசி களைந்த தண்ணீர் தக்காளிச் செடிக்கு, காய்கறி கழுவியது எலுமிச்சைக்கு. ஃபிளஷ் தொட்டிக்குள் மணல் நிரப்பிய பாட்டில். இத்தனை செய்தும் மாதாமாதம் மீட்டர் எகிறியது. ஏழு வருஷமாக அதற்கு அவர் கண்டுபிடித்திருந்த ஒரே காரணம், மனைவி.

"அப்ப என்னங்க அர்த்தம்?" என்று மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் கரண்டி.

"மாறிப் போயிருக்கு!" செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம தண்ணி அவன் மீட்டர்ல ஓடுது. அவன் தண்ணி நம்ம மீட்டர்ல ஓடுது! மீட்டர் வெச்ச நாள்லேர்ந்து!"

மனைவி கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "ஆக, ஏழு வருஷமா 'நீதான் எங்கேயோ ஒழுக விடறே, நீதான் எங்கேயோ ஒழுக விடறே'ன்னு என் உசிரை வாங்கினீங்களே, அது?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

"எப்ப?"

"போட்டி முடிஞ்சு."

"சரி, போய் மீட்டர்காரர்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க. ஆறு குவளையில குளிக்கற குடும்பம், நாம ஜெயிக்காம வேற யார் ஜெயிப்பாங்க?"

நியாயமான யோசனைதான். செயலாளருக்கும் அது அரை நிமிடம் நியாயமாகவே பட்டது. பிறகுதான் அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது. சங்கத்தின் ஆண்டு மலரில் அவரே எழுதிய 'உங்கள் மீட்டரை அறிந்துகொள்ளுங்கள்' என்ற நான்கு பக்கக் கட்டுரை. கூடவே அவருடைய படம். படத்தில் அவர் ஆள்காட்டி விரலால் இடது மீட்டரைச் சுட்டிக்காட்டி, தெருவுக்கே வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாது!" என்றார். "செயலாளருக்குத் தன் வீட்டு மீட்டரே தெரியலைன்னு ஊரே சிரிக்கும். அதுவுமில்லாம, யோசிச்சுப் பாரு. நாம எவ்வளவு ஊத்தறோமோ அவ்வளவும் அவன் கணக்கு. அவன் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறானோ அவ்வளவும் நம்ம கணக்கு! நாம முதல் இடம், அவன் கடைசி இடம். விசில் அடிச்சாங்கல்ல? அடிக்கட்டும் இப்ப!"

"அவங்களை எப்படி மிச்சம் பிடிக்க வைப்பீங்க? அந்த மனுஷன் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் பல்லே தேய்ப்பார். அதுவும் பல் டாக்டர். ஒரு நாளைக்கு மூணு தடவை தேய்க்கிறார்."

"நாற்பது வீட்டைத் திருத்தினவனுக்கு ஒரு வீட்டைத் திருத்தத் தெரியாதா? நீ மட்டும் வாயைத் திறக்காதே. மீட்டர்ங்கிற பேச்சே இந்த வீட்டுல இனி கிடையாது. செயலாளர் என்ற முறையில் சொல்றேன்!"

போட்டியின் தொடக்க விழா இரண்டு நாள் கழித்துக் காலையில் நடந்தது. யாரும் மீட்டரில் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லாப் பள்ளங்களுக்கும் சீல் வைக்க வேண்டும் என்று விதி எழுதியவரே செயலாளர்தான். மீட்டர்காரர் வீடுவீடாகப் போய்ச் சீல் வைத்து முடிக்கும்வரை செயலாளர் பேசினார். 'தண்ணீர் என்பது யாது?' என்று தொடங்கிய உரை, சீல் வைத்து முடித்த பிறகும் கடலில்தான் நின்றது; ஆவியாகி மேகமாக இன்னும் ஐந்து பக்கம் இருந்தது.

வீடு திரும்பியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏங்க, ஒரு நிமிஷம்..." என்றாள் மனைவி.

"நிமிஷமா? ஒரு மணி நேரம் குளி! ஷவரைத் திறந்து விட்டுக் குளி! வாளியை எடுத்துப் பரண்மேல போடு!"

"அது இல்லைங்க, நான் சொல்ல வந்தது..."

"ஒண்ணும் சொல்லாதே. போ, போ!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏழு வருஷத்து ஆறு குவளைகள் அந்தப் பார்வையில் இருந்தன. "சரிங்க," என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு போனவள், ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். பத்து வயது குறைந்திருந்தாள்.

ஆனால் தண்ணீரை வீணாக்குவதும் பழகவேண்டிய வித்தைதான் என்பது செயலாளருக்கு அன்றே தெரிந்துபோயிற்று. குழாயைத் திறந்துவிட்டு வருவார்; கை தானாகத் திரும்பிப் போய் மூடிவிடும். கையைக் கையால் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது.

"அப்பா, பின்பக்கக் குழாயை மூட மறந்துட்டீங்க!" என்றாள் மகள்.

"மறக்கலை."

மகள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடலையே."

மதியத்துக்குள் வாசல் சாக்கடை நிரம்பி, தண்ணீர் தெருவில் நடை போட்டது. கேட்டைத் தட்டிக்கொண்டு சங்கத்தின் பொருளாளர் வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"என்ன சார், உங்க வீட்டு வாசல்ல ஆறு ஓடுது?"

"அது... மீன் தொட்டி கழுவினோம்."

"உங்க வீட்டுல மீன் தொட்டி ஏது?"

"கழுவி, கொடுத்துட்டோம்."

"யாருக்கு?"

"செயலாளர் என்ற முறையில் அதையெல்லாம் வெளியே சொல்ல முடியாது."

பொருளாளர் போனதும் செயலாளர் தடாலடியாக முடிவெடுத்தார். தண்ணீர் முன்பக்கம் போனால்தானே தெரியும்? எல்லாக் குழாய்களுக்கும் ரப்பர் டியூப் மாட்டி, பின் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார். இரண்டே நாளில் தோட்டம் சேறாகியது. நான்காம் நாள் குளமாகியது. தக்காளிச் செடிகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று உதவி கேட்டன. எலுமிச்சை மரம் மெல்லச் சாய்ந்து சுவரில் முதுகைப் போட்டுக்கொண்டது. எங்கிருந்தோ தவளைகள் வந்து குடியேறின. அவற்றுக்கும் சங்கத்தில் உறுப்பினர் அட்டை கொடுக்க வேண்டியிருக்குமோ என்று மகள் கேட்டாள்.

அங்கே தேங்கிய தண்ணீர் மதிலுக்கு அடியில் கசிந்து, பல் டாக்டரின் தோட்டத்துக்கும் போனது. ஐந்தாம் நாள் காலையில் டாக்டரின் மனைவி மதில்மேல் எட்டிப் பார்த்து, "எங்க ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தி மூணு நாள் ஆச்சுங்க. மண்ணு தானா ஈரமா இருக்கு! அதிசயமா இல்ல?" என்றாள்.

செயலாளர் மதிலோரம் துள்ளியே குதித்தார். துள்ளிய இடம் சேறு. முழங்கால்வரை இறங்கினார். அவரை இழுத்து எடுக்க மகளும் மனைவியும் தேவைப்பட்டார்கள். செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

"பார்த்தியா! அங்க தோட்டத்துக்கே தண்ணி செலவு இல்லை!" என்று ஒற்றைச் செருப்போடு கூவினார்.

"பார்த்தேங்க," என்றாள் மனைவி. "எனக்குக் குளிக்க நேரமாச்சு."

இது ஒரு பக்கம். மறு பக்கம், பல் டாக்டர் வீட்டைத் திருத்தும் பணி. அன்று மாலையே செயலாளர் ஒரு பையில் ஸ்பேனர், வாஷர், வெள்ளை டேப்பு எல்லாம் போட்டுக்கொண்டு அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார்.

"உங்க குழாய் ஏதாவது ஒழுகுதா, டாக்டர்?"

டாக்டர் வாயில் நுரையோடு வந்தார். "ஒழுகுதே! அஞ்சு குழாய். ஒரு வருஷமா சொட்டுது. ஏன் சார்?"

ஒரு வருஷமா! செயலாளர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒவ்வொரு சொட்டும் தம் கணக்கில் அல்லவா விழுந்திருக்கிறது! சட்டைக் கையை மடித்துவிட்டு, ஐந்து குழாய்க்கும் வாஷர் மாற்றினார். ஃபிளஷ் தொட்டிக்குள் மணல் பாட்டில் இறக்கினார். ரோஜாச் செடிகளின் காலடியில் காய்ந்த சருகைப் பரப்பி, ஈரம் பறந்துவிடாமல் போர்த்திவிட்டார். பாத்திரங்களை ஓடும் தண்ணீரில் கழுவாமல் தொட்டியில் அலசுவது எப்படி என்று டாக்டரின் மனைவிக்குக் கழுவியே காட்டினார். அந்த வீட்டில் அன்று இருந்த பாத்திரம் முழுவதும் தீர்ந்துபோனது.

கடைசியில் டாக்டரின் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். "இனிமே இதுலதான் வாய் கொப்பளிக்கணும்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், ஒண்ணு சொல்லட்டுமா? அன்னைக்குக் கூட்டத்துல உங்களைக் கேலி பண்ணினேன். அதை மனசுல வெச்சுக்காம, போட்டியில் எதிரி வீட்டுக்கே வந்து வாஷர் மாத்தறீங்களே... நீங்க மனுஷனே இல்ல சார்!"

"கடமை, டாக்டர். கடமை."

செய்தி தெருவெல்லாம் பரவியது. எதிரிக்கும் உதவும் செயலாளர்! இஸ்திரி போடுகிறவர்கூட அவர் சட்டையைத் தனியாக மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். செயலாளர் கண்ணாடி முன்னால் நின்று, அடுத்த பதினோரு ஆண்டுகளுக்கான முகத்தைத் தயாரித்தார்.

எட்டாம் நாள் அந்த முகம் விழுந்தது.

பல் டாக்டர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் டாக்டரின் மாமியார் இறங்கினார். பிறகு அவருடைய இரண்டு தங்கைகள், ஒரு தம்பி, தம்பி மனைவி, மூன்று பிள்ளைகள். மொத்தம் எட்டு உருப்படி. ஒரு வாரம் தங்கல்.

"யப்பா, என்ன வெக்கை!" என்றார் மாமியார், வேனிலிருந்து கால் எடுத்து வைத்ததும். "முதல்ல குளிச்சாகணும். எனக்கு ஒரு நாளைக்கு மூணு குளியல் இல்லைன்னா தலை சுத்தும்!"

ஜன்னலில் நின்றிருந்த செயலாளருக்கு அப்போதே தலை சுற்றியது. எட்டுப் பேர், மூன்று குளியல். இருபத்து நாலு குளியல்! அத்தனையும் தம் கணக்கில்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"அம்மா! குளிக்க இங்கே வேண்டாம்! எங்க வீட்டுக்கு வாங்க! ஷவர் இருக்கு! மழை மாதிரி கொட்டும்!"

மாமியார் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். "யாரு மாப்பிள்ளை இவர்?"

"சங்கச் செயலாளர், அத்தை. தங்கமான மனுஷர்."

"தங்கம்தான் போல. மூளைதான் கொஞ்சம்..." என்று முணுமுணுத்தாலும், மாமியார் துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பின்னாலேயே ஏழு பேர், ஏழு துண்டு.

அன்றிலிருந்து செயலாளர் வீட்டுக் கூடம் ஒரு பொதுக் குளியலறையின் வராந்தாவாகியது. துண்டும் சோப்பும் கையுமாக வரிசை. ஒருவர் உள்ளே பாட, இன்னொருவர் கதவைத் தட்ட. துவைக்கும் இயந்திரம் காலை முதல் மாலை வரை டாக்டர் வீட்டுச் சொந்தக்காரர்களின் துணிகளையே சுற்றியது. செயலாளர் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இன்னும் இருந்தா கொண்டு வாங்க! கூச்சப்படாதீங்க! படுக்கை விரிப்பு இல்லையா? திரைச்சீலை?" என்று உற்சாகப்படுத்தினார்.

"அப்பா, எனக்குக் காலேஜுக்கு நேரமாச்சு. நான் எப்ப குளிக்கறது?" என்றாள் மகள்.

"அஞ்சாவது ஆளா நில்லும்மா."

"நான் டாக்டர் வீட்டுல போய்க் குளிச்சுட்டு வந்துடறேன். அங்க பாத்ரூம் காலியாத்தானே இருக்கு?"

"அய்யய்யோ!" செயலாளர் அலறிய அலறலில் உள்ளே பாடிக்கொண்டிருந்த மாமியாரின் தங்கை பாட்டை நிறுத்தினார். "அங்கே ஒரு சொட்டு தொடக் கூடாது! குளிக்காமலே போ! ஒரு நாள் குளிக்கலைன்னா ஒண்ணும் ஆயிடாது. தண்ணியை மிச்சம் பிடி!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

பதின்மூன்றாம் நாளில் செயலாளருக்கு வெற்றி கைக்கு எட்டிவிட்டது. அவர் கணக்குப்படி டாக்டர் வீட்டில் டம்ளர் டம்ளராகத்தான் தண்ணீர் செலவு, இங்கேயோ வெள்ளம். அந்தக் கிறுகிறுப்பில் அவசரக் குழுக் கூட்டம் கூட்டி, புதிதாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். முதலிடத்துக்குக் கேடயம் மட்டும் போதாது. கடைசி இடம் பிடிக்கும் வீட்டின் வாசலில் ஒரு பலகை மாட்டப்படும். ஒரு வருஷம் அதைக் கழற்றக் கூடாது.

"என்ன எழுதறது?" என்றார் பொருளாளர்.

"'இந்த வீட்டில் தண்ணீர் வீணாகிறது.' பெரிய எழுத்துல. சிவப்புல."

"கொஞ்சம் அதிகம் இல்லையா சார்? கூட இருந்து பழகறவங்க..."

"செயலாளர் என்ற முறையில் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை!"

தீர்மானம் நிறைவேறியது. பலகையும் அன்றே எழுதி வந்துவிட்டது. செயலாளர் அதைக் கூடத்தில் சாய்த்துவைத்து, எட்ட நின்றும் கிட்ட நின்றும் ரசித்தார்.

"இந்தப் பலகை வேண்டாங்க," என்றாள் மனைவி. இந்தத் தடவை குரலில் கெஞ்சல் இருந்தது. "யார் வீட்டு வாசலா இருந்தா என்ன, பாவம். ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க..."

"இந்த இரக்கம்தான் உன்கிட்ட இருக்கற ஒரே குறை," என்றார் செயலாளர். பெருந்தன்மையோடு, மேலும் ஒரு குழாயைத் திறந்துவிட்டு வந்தார்.

பதினைந்தாம் நாள் மாலை. தெருமுனையில் நாற்காலிகள், மைக், மாலை. மாலையை வாங்கி வந்தவர் செயலாளர். தமக்காக வாங்கியதால் ரோஜா சற்று அதிகம் கேட்டு வாங்கியிருந்தார். மீட்டர்காரர் முப்பத்தெட்டு வீடுகளின் கணக்கை எடுத்து முடித்துவிட்டு, கடைசியாக அந்த இரட்டைப் பள்ளத்துக்கு வந்தார். மொத்தத் தெருவும் மதிலைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. டாக்டரின் மாமியாரும் படையோடு முன்வரிசையில் இருந்தார். எல்லோரும் அப்போதுதான் செயலாளர் வீட்டில் குளித்துவிட்டு வந்திருந்ததால் பளிச்சென்று இருந்தார்கள்.

சீல் உடைந்தது. மீட்டர்காரர் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு வீடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது லிட்டர்."

"ஓ!" என்றது கூட்டம். அதுவரை வந்த எல்லாக் கணக்கையும்விட அது குறைவு. செயலாளர் மாலைக்காகக் கழுத்தை லேசாக முன்னால் நீட்டினார்.

"இன்னொரு வீடு..." மீட்டர்காரர் மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "எண்பத்தாறாயிரத்து நானூறு லிட்டர்."

கூட்டத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

"எண்பத்தாறாயிரமா!" செயலாளர் உரக்கச் சொல்லி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நண்பர்களே! இப்படியும் ஒரு வீடு நம்ம தெருவுல! யாருடைய வீடுன்னு நான் கேட்கலை. அவங்க மனம் புண்படக் கூடாது. ஆனா விதி விதிதான். பலகையைக் கொண்டு வாங்க!"

பொருளாளர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எந்த வாசல்லங்க மாட்டறது?" என்று மீட்டர்காரரைக் கேட்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, டாக்டர் வீடு. எண்பத்தாறாயிரத்து நானூறு, செயலாளர் வீடு."

செயலாளர் சிரித்தார். "மாத்திப் படிக்கறீங்க."

"இல்ல சார். சரியாத்தான் படிக்கறேன்."

"இன்னொரு தடவை படிங்க!"

மீட்டர்காரர் இன்னொரு தடவை படித்தார். எண் மாறவில்லை. அதற்குள் யாரோ மாலையைத் தூக்கி டாக்டரின் கழுத்தில் போட்டுவிட்டார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. பின்வரிசையில் விசில் கேட்டது, அதே விசில்.

"நிறுத்துங்க!" செயலாளர் கத்தினார். முகம் பலகை எழுத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. "அது என் தண்ணி இல்லை! நான் ஊத்தினதெல்லாம் டாக்டர் மீட்டர்லதான் ஓடியிருக்கணும்! இந்தப் பள்ளத்துல ரெண்டும் இடம் மாறி இருக்கு! எனக்குத் தெரியும்! நானே குப்புறப் படுத்துப் பார்த்தேன்!"

கைதட்டல் நின்றது. விசிலும் நின்றது. பின்தோட்டத்துத் தவளைகள் மட்டும் நிறுத்தவில்லை.

டாக்டர் மாலையோடு மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "அப்ப... எங்க வீட்டுக்கு வாஷர் மாத்தினது?"

"எங்களை வரிசையில நிக்க வெச்சுக் குளிப்பாட்டினது?" என்றார் மாமியார்.

"அந்த மீன் தொட்டி?" என்றார் பொருளாளர்.

செயலாளர் பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, மீட்டர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க! மேஸ்திரி தப்பாப் போட்டிருக்கார்னு சொல்லுங்க! ஏழு வருஷமா மாறித்தானே இருக்கு?"

"இருந்துச்சு சார்," என்றார் மீட்டர்காரர், நோட்டை மூடிக்கொண்டே. "தொடக்க விழாவுல நீங்க மைக்கைப் பிடிச்சுட்டு இருந்தப்பவே உங்க வீட்டம்மா என்னைக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க, ரெண்டு மீட்டரையும் சரியா மாத்திப் போட்டுட்டுத்தான் சீலே வெச்சேன்."